பள்ளத்தூர் வளவு வீடா, காரைக்குடி வாடகை வீடா? பிள்ளைகள் வளர எது தேவலாம்?

பெருங்குடிவாசி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பெருங்குடிப் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மனைவிக்குக் காரைக்குடியில் கல்லூரி வேலை கிடைத்திருக்கிறது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை, எப்போதாவது ஆபீஸில் தலைகாட்டினால் போதும். மகனுக்கு 8 வயது, மகளுக்கு 3. ஊருக்கே வந்துவிடுவது என்று முடிவாகிவிட்டது, எந்த வீடு என்பதில்தான் இழுபறி.

ஒன்று காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் எங்கள் வளவு வீடு, அதாவது முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பூர்வீகப் பெரிய வீடு. ஏழு புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) பாத்தியப்பட்டது. மற்ற பங்காளிகள் எல்லாரும் வெளியூர், வெளிநாடு. "நீ போய்க் குடியிருந்தால் வீடாவது பிழைக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்று காரைக்குடி கழனிவாசல் பக்கம் புதுக் குடியிருப்பில் வாடகை வீடு. தெருவில் பத்துப் பதினைந்து பிள்ளைகள், பள்ளிக்கூட வேன் வாசலுக்கே வரும், ஆனால் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு.

பள்ளத்தூர் தெருவில் ராத்திரி விளக்கு எரிகிற வீடு மூன்றோ நாலோதான். மற்றதெல்லாம் பூட்டு. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் திறப்பார்கள், முடிந்ததும் மறுபடி பூட்டு. விளையாட ஒரு பிள்ளை கிடையாது.

"வீட்டுக்குள்ளே ஒழுங்காக வளர்த்தால் எந்தத் தெருவாக இருந்தால் என்ன" என்கிறார்கள் எங்கள் ஆத்தா. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அக்கம்பக்கம் எப்படி இருக்கிறது என்பது பிள்ளையின் படிப்பை, உடம்பை, குணத்தை உண்மையிலேயே மாற்றுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்காலைக்காரன்:

இதற்கெல்லாம் ஆராய்ச்சியா தம்பி? நாங்கள் ஊருணியில் குதித்து, கண்மாயில் மீன் பிடித்து, முள் குத்தின காலோடு பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவர்கள். எங்களுக்கு என்ன குறைந்து போயிற்று? வாடகைக் காசு மிச்சம், பேசாமல் பள்ளத்தூருக்கே வந்து சேருங்கள்.

எண்சுவடி:

செக்காலை அண்ணே, நீங்கள் நன்றாக வந்துவிட்டீர்கள், சந்தோஷம். ஆனால் அதே ஊருணியில் முழுகிப் போனவனும் எட்டாவதோடு நின்றுபோனவனும் இங்கே வந்து பதில் எழுதப் போவதில்லையே.

கேட்டவருக்கு: நான் பொது சுகாதாரத்தில் புள்ளிவிவர வேலை பார்க்கிறவன், சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். உங்கள் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது பார்க்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. ஏனென்றால் நல்ல தெருவில் இருக்கிற பிள்ளைகள் நன்றாகப் படித்தால் அது தெருவால் வந்ததா, அந்தத் தெருவில் வீடு பிடிக்க முடிந்த அப்பா அம்மாவால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. அதைப் பிரிக்கக் குலுக்கல்தான் போட வேண்டும், அமெரிக்காவில் போட்டே விட்டார்கள். 1994ல் தொடங்கி பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள்.

முதல் பத்து, பதினைந்து வருடம் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்களுக்குத்தான் சர்க்கரை வியாதியும் அளவுக்கு மீறிய உடல் பருமனும் குறைந்திருந்தன, மனசும் லேசாகியிருந்தது. இவ்வளவுதானா என்று பலர் கைகழுவிவிட்டார்கள். அப்புறம் ராஜ் செட்டி (டெல்லியில் பிறந்தவர், தமிழ்க் குடும்பம்) தன் கூட்டாளிகளோடு சேர்ந்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு வரிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். 2015ல் வந்த முடிவு இது: 13 வயதுக்கு முன்பே இடம் மாறிய பிள்ளைகள், இருபதுகளின் நடுவில், மாறாதவர்களைவிடச் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், கல்லூரிக்குப் போனதும் கூடுதல். 13க்கு மேல் மாறியவர்களுக்கு லாபம் இல்லை, கொஞ்சம் நஷ்டம் என்றுகூடச் சொல்லலாம். நல்ல இடத்தில் எத்தனை வருடம் வளர்கிறோம் என்பதுதான் கணக்கு. விடலைப் பருவத்தில் வேரோடு பிடுங்கினால் சிநேகிதர்களும் போய்விடுகிறார்கள், புது இடத்தில் இருக்கப்போகிற காலமும் கொஞ்சம்.

உங்கள் இரண்டு பிள்ளைகளும் 13க்குக் கீழே, அது நல்லது. ஆனால் அந்த 31ஐ அப்படியே தூக்கி வந்து பள்ளத்தூரில் நடாதீர்கள். அவர்கள் கிளம்பி வந்தது துப்பாக்கிச் சத்தம் கேட்கிற இடத்திலிருந்து. சிகாகோவில் பேட்ரிக் ஷார்க்கி என்பவர் பார்த்திருக்கிறார்: வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொலை நடந்த சில நாட்களுக்குள் பரீட்சை எழுதிய கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் விழுந்திருக்கிறது, அந்தப் பிள்ளை கொலையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பெருங்குடியிலிருந்து கிளம்புகிற உங்களுக்கு அந்த அளவு ஏற்ற இறக்கம் கிடையாது.

மெயின் ரோடு என்றீர்களே, அதைச் சும்மா விடாதீர்கள். 1975ல் நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. ஒரு பக்கத்து வகுப்பறைகளை ஒட்டி உயரத்தில் ரயில் ஓடும், மறுபக்கம் அமைதி. ஆறாம் வகுப்பு வரும்போது சத்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் வைத்து, வகுப்பறைக் கூரைக்குச் சத்தம் உறிஞ்சும் பலகை அடித்ததும் வித்தியாசம் போயே போய்விட்டது. வாடகை வீடுதான் என்று முடிவானால் ரோட்டுப் பக்க அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

புதுவயல் மருமகள்:

கிராமம் என்றால் சுத்தமான காற்று என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள், அதனால் எழுதுகிறேன். நான் கல்யாணமாகிப் புதுவயலுக்கு வந்தவள், எங்கள் ஊர் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். மொட்டைமாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் உதறும்போது உமிச்சாம்பல் கறுப்பாக விழும், கையில் தேய்த்தால் மை மாதிரி இழுக்கும். மகனுக்கு விடாத இருமல், ராத்திரி மூச்சு வாங்கும். எந்த ஆலை என்று சொல்லப்போவதில்லை, சொல்லிப் பார்த்தோம், மனு கொடுத்தோம், நடக்கவில்லை. கடைசியில் காற்று வீசுகிற திசைக்கு எதிர்ப்பக்கமாக வேறு வீடு பார்த்துப் போனோம், மூச்சு வாங்குவது குறைந்தது. அதே ஊர், சில தெருதான் தள்ளி. அதனால் ஊர்ப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விடிகாலையில் ஒரு நாள், ராத்திரியில் ஒரு நாள் அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். பகல் 11 மணிக்கு எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

இன்னொன்று. நான் கிராம சுகாதாரச் செவிலியர், பிள்ளைகளுக்கு எடையும் உயரமும் பார்ப்பதே என் பிழைப்பு. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை, தமிழ்நாட்டில் நாலில் ஒன்று. எல்லாரும் சோறு போதவில்லை என்றுதான் நினைக்கிறார்கள். சோறு மட்டும் இல்லை. தெருவில் நாலு வீட்டார் திறந்தவெளிக்குப் போனால், கக்கூஸ் கட்டி வைத்திருக்கிற ஐந்தாவது வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கிருமிதான் வந்து சேரும். அடிக்கடி வயிறு கெட்டால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. டீன் ஸ்பியர்ஸ் என்கிற பொருளாதார ஆய்வாளர் இந்தியப் பிள்ளைகளின் உயரக் கணக்கை வைத்து இதைத்தான் காட்டினார். ஆக "நம் வீட்டுக்குள் ஒழுங்காக இருந்தால் போதும்" என்கிற உங்கள் ஆத்தாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், ஈக்கு வாசப்படி தெரியாது.

சுண்ணாம்புக்காரை:

நான் ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடு மராமத்து வேலை எடுத்துச் செய்கிறேன். யாரும் பெயிண்டைப் பற்றி வாயே திறக்கவில்லையே.

நம்ம பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சு சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும், அதில் பயம் இல்லை. தேக்கை வெறும் பாலிஷ் போட்டு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஜன்னல் கதவு, கம்பி, கிராதி இதில் எல்லாம் பச்சையும் நீலமுமாக எண்ணெய்ப் பெயிண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருப்பார்கள், அதில்தான் விஷயம். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் தாராளமாக இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுக்கு ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்கிற சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 கடைசியில்தான். உரிந்து விழுகிற பொடுகு லேசாக இனிக்குமாம், தவழ்கிற பிள்ளை எடுத்து வாயில் போடும். உடம்பு அதைச் சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து எடுத்துக்கொள்ளும், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக இழுக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. போய்ச் சேர்வது மூளையில். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்கிற அளவே கிடையாது.

3 வயதுப் பிள்ளை இருக்கிறது என்கிறீர்கள். உப்புத்தாள் போட்டு வறட்டு வறட்டென்று தேய்க்கிறவனை வேலைக்கு வைக்காதீர்கள், அந்தத் தூசிதான் பெயிண்டைவிட மோசம். தண்ணீர் அடித்து ஈரத்தோடு சுரண்ட வேண்டும், சுரண்டியதைக் கொல்லையில் கொட்டாமல் மூட்டை கட்ட வேண்டும். வேலை நடக்கும்போது பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பெரிய லேபுகளில் பார்க்கலாம்.

கிணற்றுக்கு இரும்பு மூடி, முற்றத்துக்கு மேலே கம்பிவலை, மாடிப்படிக்கு ஒரு கதவு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடந்த அறையில் பாம்பு அடையும், முதல் நாள் நாங்கள்தான் திறப்போம், நீங்கள் திறக்காதீர்கள்.

தேவகோட்டை டீச்சர்:

காற்று, தண்ணி, பெயிண்டு எல்லாம் வந்துவிட்டது. நான் மனுஷர்களைப் பற்றிச் சொல்கிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அரசு ஆரம்பப் பள்ளிகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"விளையாட ஒரு பிள்ளை கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். முகப்பில் நின்று எண்ணினால் அப்படித்தான் தெரியும். உங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடாகத்தான் இருக்க வேண்டும், இந்தப் பக்கத்து வளவு வீடுகள் பெரும்பாலும் அப்படித்தானே. பட்டாலை, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் போய்ப் பின்வாசலைத் திறந்து சாயங்காலம் 5 மணிக்கு நின்று பாருங்கள். சமையலுக்குப் போகிறவர்கள், கார் ஓட்டுகிறவர்கள், கல் பதிக்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். ஆள் இல்லாத பெரிய வீட்டுச் சுவரில் கரிக்கட்டையால் மூன்று கோடு போட்டு ஸ்டம்பு வைத்திருப்பார்கள். பந்து உள்ளே விழுந்தால் அவுட், ஏனென்றால் வாட்ச்மேன் தாத்தா தர மாட்டார். பேட்டிங் கிடைக்காதவன் திண்ணையில் உட்கார்ந்து ஸ்கோர் சொல்லிக்கொண்டிருப்பான். இவ்வளவு பேரும் உங்கள் கணக்கில் எப்படி விட்டுப்போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள் தம்பி. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நம் பக்கத்தில் "எந்தத் தெருப் பிள்ளை" என்று கேட்டுவிட்டுத்தான் வாசப்படி ஏற விடுவது வழக்கம், பழகிப்போன கண்ணுக்கு அடுத்த தெரு தெரியாது.

எண்சுவடி சொன்னாரே ராஜ் செட்டி, அவரும் மற்றவர்களும் 2022ல் இன்னொன்று வெளியிட்டார்கள், என் மருமகன் அனுப்பிப் படித்தேன். அமெரிக்காவில் 7 கோடிப் பேருக்கு மேல் உள்ள ஃபேஸ்புக் சிநேகிதக் கணக்கை வைத்துப் பார்த்தது. ஏழைப் பிள்ளை பின்னாளில் மேலே வருமா என்பதோடு மிகவும் ஒட்டிப்போனது, அந்த ஊரில் இல்லாதவர்களும் இருப்பவர்களும் எவ்வளவு சிநேகமாகப் பழகுகிறார்கள் என்பதுதான். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கிற அளவு வசதியான சிநேகிதர்கள் ஏழைப் பிள்ளைகளுக்கும் இருக்கிற ஊர்களில் வளர்ந்தால், அந்தப் பிள்ளைகளின் பிற்கால வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பள்ளத்தூர் உங்கள் பிள்ளைகளை என்ன செய்யும் என்று கேட்டீர்கள். உங்கள் பிள்ளைகள் வந்து இறங்கினால் அந்தப் பின்தெருப் பிள்ளைகளுக்கு நீங்கள்தானே அக்கம்பக்கம்? உங்கள் மனைவி கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். வீட்டுக்குள் ஓடிவந்து தண்ணி கேட்கிற பெண்பிள்ளை அவர் மேஜையில் இருக்கிற புத்தகத்தைப் பார்க்கும். இப்படித்தான் ஒன்று இரண்டு பேர் தொற்றிக்கொண்டு மேலே வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பூட்டின தெருவில் வேறொரு குறை நிஜமாகவே உண்டு, அதை மறைக்கவில்லை. கண்டிக்க ஆள் இருக்காது. சிகாகோவில் 1995 வாக்கில் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் தெருத் தெருவாகக் கேட்டார்கள்: பள்ளிக்கூட நேரத்தில் ஒரு பையன் மூலையில் சுற்றிக்கொண்டிருந்தால் அக்கம்பக்கத்தார் யாராவது கேட்பார்களா? கேட்பார்கள் என்று ஜனங்கள் நம்பிய இடங்களில், அதே வறுமை இருந்தும் வன்முறை குறைவு. உங்கள் தெருவில் கேட்கப்போவது அந்த வாட்ச்மேன் தாத்தாவும் பெட்டிக்கடைக்காரரும்தான். வந்ததும் பிள்ளைகளை அவர்களிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள், தப்பு செய்தால் அதட்டலாம் என்றும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பெரிய வீட்டுப் பிள்ளை என்று வாய் திறக்க மாட்டார்கள்.

செக்காலைக்காரன்:

டீச்சர் சொன்னது சரி. எங்களையெல்லாம் கல்லுக்கட்டியில் டீக்கடை வைத்திருந்தவர்தான் வளர்த்தார் என்று சொல்ல வேண்டும். சினிமாவுக்குப் போனால் நாங்கள் வீடு திரும்புவதற்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

பெருங்குடிவாசி:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன், ஆத்தா முகம் கொஞ்சம் மாறியது, "பின்வாசல் வழியாகக் கண்ட பிள்ளைகளும் உள்ளே வந்தால்" என்று ஆரம்பித்தார்கள். மனைவி பதில் சொல்லிவிட்டாள், அதை இங்கே எழுதவில்லை.

இங்கே அபார்ட்மெண்டில் முந்நூறு வீடு. பையன் கீழே இறங்கி விளையாட வேண்டும் என்றால் வாட்ஸப்பில் இன்னொரு அம்மாவிடம் நேரம் வாங்க வேண்டும். அதனால் பிள்ளைகள் எண்ணிக்கை மட்டும் முக்கியம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. மிச்சம் இருக்கிற கவலை ஒன்றுதான். இப்போது 8 வயது, சரி. 14, 15 ஆகும்போது டியூஷன், நூலகம், கிரிக்கெட் பயிற்சி எல்லாவற்றுக்கும் காரைக்குடிதானே? அப்போது குடிமாறினால் போதாதா?

எண்சுவடி:

அந்த வயதில் மாற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். முதலில் சொன்ன கணக்கில் நஷ்டப்பட்டது அந்த வயதுக்காரர்கள்தான். தூரம் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். மனைவி தினமும் காரைக்குடி போய் வரப்போகிறார், பள்ளிக்கூடத்தையும் அங்கேயே வைத்தால் சிநேகிதர் கூட்டம் இரண்டாகப் பிரியும், பள்ளத்தூரில் வைத்தால் பின்னால் டியூஷனுக்கு அலைய வேண்டும். எதுவானாலும் இப்போதே யோசித்து, மகன் பள்ளி முடிக்கும்வரை கலைக்காமல் இருக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்யுங்கள். காரைக்குடியில் கம்பன் விழா, அழகப்பா வளாகத்தில் நடக்கிற நிகழ்ச்சி என்று இருக்கிறது, அதற்கெல்லாம் கூட்டிப் போகும்போது பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன லாபம், கண்ணுக்கு. சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் இவர்களில் 30.4 சதவீதம், மற்றவர்களில் 39.5. வெயில் நமக்குப் பஞ்சம் இல்லை. 12 மணி வெயிலில் விடாதீர்கள், அவ்வளவுதான்.

புதுவயல் மருமகள்:

மகளை அங்கன்வாடியில் சேர்ப்பதைப் பற்றியும் யோசியுங்கள். வசதியானவர்கள் அங்கே அனுப்புவதில்லை, 3 வயதுப் பிள்ளைக்குத் தெருவில் சேக்காளி கிடைக்கிற முதல் இடம் அதுதான். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

பெருங்குடிவாசி:

சரி, பள்ளத்தூர்தான், மனைவி முடிவு செய்துவிட்டாள். பின்வாசல் திறந்து பல வருடம் ஆகிறது. சாவி கோயம்புத்தூரில் பெரியப்பச்சி வீட்டில் இருக்கிறதாம், அவர்களுக்கும் எந்தச் சாவி என்று நிச்சயம் இல்லை. சுண்ணாம்புக்காரை அண்ணே, பூட்டை உடைத்துவிடலாமா?

சுண்ணாம்புக்காரை:

உடைக்காதீர்கள் தம்பி, அந்தக் காலத்துப் பூட்டு, இப்போது கிடைக்காது. கதவும் நிலையில் இறுகியிருக்கும், தட்டினால் மரம் தெறிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கு ஏறும், மிஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைப்போம். இருக்கிற சாவிக்கொத்து எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கதவில்தான் பெயிண்டு கனமாக இருக்கும், அதை முதலில் சுரண்டி முடித்து, தரையை இரண்டு தடவை ஈரத்துணியால் துடைத்த பிறகு பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். மழைக்கு முன்னால் ஆரம்பித்தால் தைக்குள் முடியும்.